புதுப்பிப்பு: ஜான் ஸ்னோவின் பிறப்பு பற்றிய என் முந்தைய பதிவு

‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ நாவல் தொடரில் நெட் ஸ்டார்க் பிரபுவின் மகனாக வளரும் ஜான் ஸ்னோ, உண்மையில் நெட்டின் தங்கை லியானாவுக்கும் இளவரசன் ரேகருக்கும் பிறந்தவன் என்ற வாசகர் ஊகத்துக்கு, நெட் அந்தத் தங்கைக்கு அளித்த வாக்குறுதியைத் தவிர வலுவான சான்று இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். அக்கருத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

பதிலளித்தவர்கள் சுட்டிக்காட்டியதால், 1998இல் வெளிவந்த இரண்டாம் நாவலை மீண்டும் படித்தேன். ரேகரின் தங்கை டெனேரிஸ் காணும் மாயக் காட்சிகளுள் ஒன்றில், பனிச்சுவரின் விரிசலில் ஒரு நீலப் பூ மலர்ந்து காற்றை இனிமையால் நிரப்புகிறது. ரேகர் லியானாவின் மடியில் வைத்த மகுடமும் நீல ரோஜாக்களால் ஆனது. ஜான் காவல் இருப்பதும் பனிச்சுவரில்தான். இந்த ஒரு வரியை எப்படிக் கடந்துபோனேன் என்று வியக்கிறேன்.

2016இல் இந்நாவல்களின் தொலைக்காட்சித் தொடரான ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ லியானாவே தாய் என்று காட்டிவிட்டது உண்மைதான். ஆயினும் நாவல்கள் அதை இன்னும் வெளிப்படையாகச் சொல்லாததால், என்னை மாற்றியது அந்தப் பூவே.