கரண்ட் எப்போது வரும் என்றே மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது

மாவுக்கடை, ரங்கூன்:
இட்லி மாவு அரைத்து விற்கிறேன். கரண்ட் அட்டவணை ஒன்று சொல்கிறது, வருவது வேறு நேரம். வந்ததும் தெருவே 'மீலாபீ!' (கரண்ட் வந்தாச்சு!) என்று பர்மிய மொழியில் கத்தும். என் காது அதிலேயே கிடக்கிறது. ராத்திரி பல்பு சுவிட்சைப் போட்டுவிட்டே படுக்கிறேன், வெளிச்சம் வந்தால் எழுந்து அரைக்கலாமே என்று. தூக்கம் போச்சு. நெஞ்சு படபடக்கிறது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். என்ன செய்யலாம்?

பெகு தம்பி:
பெரிய பேட்டரி வாங்கிவிடுங்கள் அக்கா.

மாவுக்கடை, ரங்கூன்:
கிரைண்டரை இழுக்கிற பேட்டரிக்கு என் வியாபாரம் தாங்காது தம்பி.

மோல்மீன் பெரியம்மா:
கரண்ட் உன் கையில் இல்லை மகளே. எதை ஊறப்போடுவது என்பது உன் கையில்தான் இருக்கிறது. ஊறிய அரிசி இந்த வெக்கையில் கெட்டுப்போகுமே என்ற பயம்தான் உன்னைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் கரண்ட் இருக்கும்போதே மில்லில் கொடுத்து அரிசியை ரவையாக உடைத்து வைத்துக்கொள். ரவையை ஊறவைத்துப் பிழிந்து, அரைத்த உளுந்தோடு கலந்தால் ஆச்சு. உளுந்து மட்டும்தானே, அவசரத்துக்கு ஆட்டுக்கல்லே போதும். தோசைக்கு இந்த மாவு அவ்வளவு சரிவராது, அதை வாங்குகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடு.

அப்புறம், பல்பை அணைத்துவிட்டுப் படு. இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

உங்கள் ரங்கூனில்தான் தியான ஆசிரியர் சயாஜி ஊ பா கின் 1952-ல் தியான நிலையம் தொடங்கினார். அரசாங்கத்தில் தலைமைக் கணக்கு அதிகாரியாக இருந்தவர், வேலையை விட்டு ஓடிவிடவில்லை. பின்னாளில் விபாசனா தியானம் கற்றுக்கொடுத்த கோயங்கா, மாண்டலேயில் பிறந்த வியாபாரி, தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955-ல் அவரிடம் போனார். அங்கே முதலில் சொல்லித்தருவது மூச்சைத்தான். மூக்கு வாசலில் அது போவதையும் வருவதையும் சும்மா கவனி, மாற்றாதே. படபடப்பு மிஞ்சினால் மட்டும் வெளிமூச்சை நீளமாக விடு; மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும்.

மாவுக்கடை, ரங்கூன்:
பல்பை அணைக்கத்தான் பயமாக இருக்கிறது. பார்க்கிறேன் பெரியம்மா. உளுந்துக்கு ரவை எவ்வளவு?

மோல்மீன் பெரியம்மா:
ஒன்றுக்கு இரண்டு. முதலில் வீட்டுக்கு மட்டும் போட்டுப் பார்.