கணக்குப் பிரிவிலிருந்து பிஸினஸ் அனலிஸ்ட் பணிக்குப் போகலாமா?

அம்பத்தூர் கணக்கர்:
பி.காம் முடித்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். ஜிஎஸ்டி தாக்கல், இ-இன்வாய்ஸ், சப்ளையர் பில்களைச் சரிபார்ப்பது என்றே நாள் போகிறது. இப்போது ஆண்டுக்கு 5.4 லட்சம் வாங்குகிறேன். பெருங்குடியில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனம் பிஸினஸ் அனலிஸ்ட் பணிக்கு, அதாவது வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டறிந்து நிரலாளர்களுக்கு விளக்கும் பணிக்கு, 7.2 லட்சம் தருவதாகச் சொல்கிறது. நிரலாளராக இருக்கும் என் சித்தப்பா மகனோ, "அது தபால்காரர் வேலை அண்ணா, இங்கே வாங்கி அங்கே கொடுப்பதற்கு எத்தனை நாள் சம்பளம் கொடுப்பார்கள்?" என்கிறான். துறையில் இருப்பவர்கள் நிலவரத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சிறுசேரி நிரலாளர்:
உங்கள் தம்பி கடுமையாகச் சொல்லியிருக்கலாம், தவறாகச் சொல்லவில்லை. பதினான்கு ஆண்டுகளாக நிரல் எழுதுகிறேன். கிளையண்ட் சொன்னதை வேர்டு கோப்பில் எழுதி எங்களிடம் தருவதிலும், எங்கள் சந்தேகங்களை மின்னஞ்சலில் திருப்பி அனுப்புவதிலுமே பல அனலிஸ்டுகளின் நாள் கழிவதைப் பார்த்திருக்கிறேன். வணிகத் தரப்பினரும் நிரலாளர்களும் அன்றாடம் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று, மென்பொருளைச் சிறுசிறு பகுதிகளாகச் செய்து தரும் அஜைல் முறையின் கொள்கைகள் 2001ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டன. அஜைலில் ஒரு வகையான ஸ்க்ரம் முறையிலும் பிராடக்ட் ஓனர் (எதை முதலில் செய்வது என்று முடிவெடுப்பவர்), ஸ்க்ரம் மாஸ்டர் (முறை சரியாக நடக்க உதவுபவர்), டெவலப்பர் என்ற மூன்று பொறுப்புகள்தான் உண்டு. அனலிஸ்டுக்கென்று அங்கே நாற்காலி போடப்படவில்லை. போதாக்குறைக்கு இன்று கூட்டத்தின் ஒலிப்பதிவைக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவுக் கருவியே யூசர் ஸ்டோரிகளை, அதாவது பயனருக்கு என்ன வேண்டும் என்ற சிறு குறிப்புகளை, எழுதித் தந்துவிடுகிறது. கணக்கு தெரிந்த நீங்கள், நிறுவனங்களை நிர்வகிக்கும் எஸ்ஏபி மென்பொருளில் கணக்கு, நிதிப் பகுதியைக் கவனிக்கும் ஃபைகோ கன்சல்டன்ட் ஆவதே மேல் என்பேன். அங்கே கையில் ஒரு தொழிலாவது இருக்கும்.

கிண்டி அனலிஸ்ட்:
பதினொரு ஆண்டுகளாக அந்தத் 'தபால்காரர்' வேலையைத்தான் செய்கிறேன், சிறுசேரி நண்பரே. ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

2025 செப்டம்பர் 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் புதிய வரி விகிதங்களை அறிவித்தது. அவை நடைமுறைக்கு வந்தது செப்டம்பர் 22, நவராத்திரி தொடங்கிய திங்கட்கிழமை. வெண்ணெய், நெய்யின் வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. பால்பொருள் விநியோகஸ்தர்களுக்கான பில்லிங் மென்பொருள் அப்போது எங்கள் குழுவின் கையில் இருந்தது. பொருள் பட்டியலில் 12 என்பதை 5 என்று மாற்றினால் போதும், அரை நாள் வேலை என்று நிரலாளர்கள் மதிப்பிட்டார்கள். நான் விநியோகஸ்தர் ஒருவரின் அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்த கணக்கர் பெரியவருக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் நீல நிறக் கோப்பு ஒன்றை எடுத்து, கடைகளிலிருந்து திரும்பி வந்த சரக்குச் சீட்டுகளைப் புரட்டிக் காட்டினார். "ஆகஸ்டில் 12 போட்டு விற்ற வெண்ணெய்ப் பெட்டி 23ஆம் தேதி திரும்பி வந்தால், அம்மா, உங்கள் கம்ப்யூட்டர் எதைப் போடும்?" என்று கேட்டார். திரும்பிய சரக்குக்காகத் தொகையைக் கழித்துத் தரும் கிரெடிட் நோட்டில் பழைய 12தான் வர வேண்டும். பட்டியலில் இருப்பதோ ஒரே ஒரு எண். அதை மாற்றிவிட்டால் திரும்பி வரும் சரக்கு அத்தனைக்கும் 5 விழுக்காடு விழுந்து, மூல பில்லோடு ஒத்துப்போகாது. எனவே ஒவ்வொரு விகிதத்துக்கும் அது தொடங்கும் தேதியைச் சேர்க்கவும், சரக்கு திரும்பும்போது மூல பில்லின் விகிதத்தையே எடுக்கவும் வடிவமைப்பை மாற்றினோம். இதை எந்தக் கூட்டத்தின் ஒலிப்பதிவிலும் தேடிப் பார்க்க முடியாது, ஏனென்றால் எந்தக் கூட்டத்திலும் யாரும் அதைப் பேசவே இல்லை.

சிறுசேரி நிரலாளர்:
நல்ல எடுத்துக்காட்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவர் நீங்கள் அல்ல, அந்தப் பெரியவர். என்னை அங்கே உட்கார வைத்திருந்தாலும் அதே பதில்தான் கிடைத்திருக்கும். இன்னொன்றையும் சொல்லுங்கள்: அவ்வளவு பெரிய குழப்பத்தைத் தடுத்ததற்கு அந்த ஆண்டு அப்ரைசலில் என்ன கிடைத்தது?

கிண்டி அனலிஸ்ட்:
எல்லோருக்கும் கிடைத்த அதே 6 விழுக்காடுதான். நேராத தவறுக்கு அப்ரைசல் படிவத்தில் கட்டம் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் சம்பளம் உருப்படியாக ஏறியதெல்லாம் நிறுவனம் மாறிய மூன்று முறைதான். அதிலும் கடைசி முறை, பிற நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்து தரும் சேவை நிறுவனத்தை விட்டு, ஒரு காப்பீட்டு நிறுவனம் இங்கே சொந்தமாக நடத்தும் மையத்துக்கு வந்தபோதுதான் பெரிய வித்தியாசம் தெரிந்தது. முடிவெடுப்பவர்களின் மேசை பக்கத்தில் இருந்தால் அனலிஸ்டுக்கும் மதிப்பு கூடும். இங்கிருந்து பிராடக்ட் ஓனர் ஆவதும் எளிது.

உங்களை அங்கே உட்கார வைத்திருந்தால் என்கிறீர்கள். வைக்கவில்லையே! அரை நாள் வேலை என்று மதிப்பிட்ட யாரும் அங்கே போக வேண்டும் என்று நினைக்கவில்லை.

வேளச்சேரி வாசகி:
சான்றிதழ் வாங்கினால் உதவுமா? சிபிஏபி என்று விளம்பரம் பார்த்தேன்.

கிண்டி அனலிஸ்ட்:
அது 2003இல் கனடாவில் தொடங்கிய, பிஸினஸ் அனலிஸ்டுகளுக்கான ஐஐபிஏ அமைப்பின் தேர்வு. கடந்த பத்து ஆண்டுகளுக்குள் 7,500 மணி நேரம் அனலிஸ்ட் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பதால் புதியவர்கள் அதை எழுத முடியாது. அனுபவம் கேட்காத இசிபிஏ என்ற தொடக்கநிலைத் தேர்வும் உண்டு. ஆனால் ஆள் எடுக்க நான் உட்கார்ந்த நேர்காணல்களில் அதை வைத்து யாரையும் தேர்ந்தெடுத்ததில்லை. அந்தப் பணத்தையும் நேரத்தையும், தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுக்க உதவும் எஸ்கியூஎல் மொழியைக் கற்பதில் செலவிடுங்கள்.

சிறுசேரி நிரலாளர்:
இந்த ஒன்றில் முழு உடன்பாடு. தரவைத் தானே எடுத்துப் பார்க்கத் தெரியாத அனலிஸ்ட் ஒவ்வொரு கேள்விக்கும் எங்கள் மேசைக்கு வந்து நிற்க வேண்டியதுதான்.

அம்பத்தூர் கணக்கர்:
உங்கள் விவாதத்தைப் படித்துவிட்டு, அந்த நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "கிளையண்டின் கணக்குப் பிரிவோடு நான் நேரடியாகப் பேசுவேனா?" வெளிநாட்டில் ஓர் அனலிஸ்ட் இருப்பதாகவும், அவர் அனுப்பும் ஆவணத்தைப் பிரித்து, குழுவின் வேலைகளைப் பட்டியலிடும் ஜிரா மென்பொருளில் பதிவதே என் வேலை என்றும் சொன்னார்கள்.

சிறுசேரி நிரலாளர்:
தபால் நிலையத்தின் கிளை.

கிண்டி அனலிஸ்ட்:
அப்படியென்றால் நானும் வேண்டாம் என்றே சொல்வேன். அதற்காகத் துறையையே விட்டுவிடாதீர்கள். சப்ளையர் பில்கள் எங்கே சிக்கும் என்று ஆறு ஆண்டுகளாகப் பார்த்தவர் நீங்கள்; பேயபிள்ஸ் பிரிவுக்கு, அதாவது சப்ளையர்களுக்குப் பணம் செலுத்தும் பிரிவுக்கு, மென்பொருள் செய்யும் நிறுவனங்களில் தேடுங்கள். நேர்காணலில் அப்படிச் சிக்கிய மூன்று பில்களின் கதையைச் சொன்னாலே போதும்.

அம்பத்தூர் கணக்கர்:
மூன்று என்ன, முப்பது சொல்லலாம் அம்மா. திங்கட்கிழமை அவர்களுக்கு மறுப்பு எழுதிவிடுகிறேன். எஸ்கியூஎல் பழக, சொந்த ஊரில் மாமா நடத்தும் கடையின் டேலி கணக்கை எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். எங்கள் நிறுவனத்தின் கணக்கைத் தொட எனக்கு மனம் வரவில்லை.