டர்போ பொருத்திய எஞ்சினுக்குக் குறைந்த செலவில் கூடுதல் பெட்ரோல் கொடுப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். 1.6 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு நானே டர்போ பொருத்தியிருக்கிறேன். பூஸ்ட் (டர்போ காற்றைக் கூடுதலாகத் தள்ளும் அழுத்தம்) 0.5 பார்; 150 குதிரைத்திறன் கிடைத்தால் போதும். இன்ஜெக்டர், பம்ப், இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மூன்றும் வண்டியோடு வந்தவையே. 4,500 ஆர்பிஎம்மைத் தாண்டி முழுதாக மிதித்தால் காற்று-பெட்ரோல் கலவை விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் 13.5 காட்டுகிறது, நாக்கிங் சத்தமும் (கலவை தாறுமாறாக வெடிக்கும் தட்டல்) கேட்கிறது. இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் 3 பாரில் நிமிடத்துக்கு 200 சிசி. பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் அழுத்தத்தைப் பல மடங்கு ஏற்றும் ரெகுலேட்டரை மட்டும் போட்டுச் சமாளிக்க முடியுமா?

மறுமொழி 1

கலவை சரியாகும்வரை பூஸ்ட் ஏறுமளவுக்கு மிதிக்காதீர்கள். முழு பூஸ்ட்டில் 11.5 முதல் 12 வரை இருக்க வேண்டிய இடத்தில் 13.5 இருந்தால் பிஸ்டன் தாங்காது.

டர்போ எஞ்சினுக்குக் குதிரைத்திறன் ஒன்றுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6.3 சிசி பெட்ரோல் வேண்டும். 150க்கு 945 சிசி. நான்காகப் பிரித்து, இன்ஜெக்டர் 80 சதவீத நேரம் மட்டுமே திறந்திருக்கும்படி கணக்கிட்டால், ஒவ்வொன்றும் 295 சிசி தர வேண்டும். அழுத்தம் கூடும் அளவுக்குப் பாய்ச்சல் கூடாது, அதன் வர்க்கமூலத்தின் அளவுக்கே கூடும் என்பதால், 200 சிசி இன்ஜெக்டரிலிருந்து 295 எடுக்க ஏறத்தாழ 6.5 பார் தேவைப்படும். அந்த அழுத்தத்தில் சாதாரண பம்ப்பின் பாய்ச்சல் வெகுவாகக் குறைந்துவிடும். இன்ஜெக்டரும் ஒழுங்காகத் திறக்காது. ஆகவே அந்த ரெகுலேட்டருக்குச் செலவழிக்காதீர்கள்.

கம்பெனியிலேயே டர்போவோடு வந்த வேறொரு காரின் பழைய இன்ஜெக்டர்களை வாங்கிச் சுத்தம் செய்து, பாய்ச்சலைச் சோதித்துப் பொருத்துவதே மலிவான வழி. 12 முதல் 16 ஓம் வரை மின்தடை உள்ளதாகப் பாருங்கள். 2, 3 ஓம் உள்ளவற்றை நேரடியாக இணைத்தால் இசியூவில் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் எரிந்துபோகலாம்.

கேட்டவர்

நன்றி ஐயா. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயில் (ரெயில்) அழுத்த கேஜ் பொருத்திப் பார்த்தேன். ரெகுலேட்டரின் வேக்கம் குழாய் எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில்தான் இருக்கிறது. பூஸ்ட் ஏறத் தொடங்கியதும் 3.4 வரை போகிற முள், ஆர்பிஎம் ஏற ஏற 2.8க்கு இறங்கிவிடுகிறது. அங்கேயே மிதிப்பதை நிறுத்திவிட்டேன்.

மறுமொழி 2

அப்படியானால் இன்ஜெக்டருக்கு முன்பே கோளாறு இருக்கிறது. ரெகுலேட்டர் 3 பாரோடு பூஸ்ட்டையும் சேர்த்துக்கொள்வதால், 0.5 பார் பூஸ்ட்டில் கேஜ் 3.5 காட்டியிருக்க வேண்டும். பம்ப்போ ஃபில்டரோ ஈடுகொடுக்கவில்லை. இந்த நிலையில் பெரிய இன்ஜெக்டர் போட்டால் அழுத்தம் இன்னும் சரியும். ஃபில்டரை மாற்றிவிட்டு, பம்ப்பின் முனையிலேயே வோல்டேஜை அளந்து பாருங்கள். பேட்டரியில் 14 இருக்கும்போது அங்கே 12க்குக் கீழே வந்தால், தடித்த வயரும் ஃபியூஸுடன் ஒரு ரிலேயும் போட்டுப் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுங்கள். அதற்குப் பிறகும் முள் இறங்கினால் மட்டும் பம்ப்பை மாற்றலாம். மணிக்கு 255 லிட்டர் பம்ப் உங்கள் இலக்குக்குத் தாராளம்.

மறுமொழி 1

சரியான கண்டுபிடிப்பு. இன்ஜெக்டர் மாற்றிய பிறகு பழைய இசியூவை ஏமாற்ற, காற்றோட்ட சென்சாரின் சிக்னலைக் குறைத்துக் காட்டும் பெட்டியை நாடாதீர்கள். சுமை குறைவு என்று நம்பி இசியூ இக்னிஷனை (தீப்பொறி விழும் நேரத்தை) முன்னுக்குத் தள்ளும், நாக்கிங் கூடும். சாலிடரிங் தெரிந்தவர் என்றால் ஸ்பீடுயினோ போன்ற ஓப்பன் சோர்ஸ் இசியூவை நீங்களே கட்டலாம். பெட்ரோல், இக்னிஷன் இரண்டின் மேப்பும் (அளவு அட்டவணை) உங்கள் கையில் இருக்கும். வைட்பேண்ட் ஏற்கெனவே இருப்பதால் பெரிய செலவு ஒன்று முடிந்துவிட்டது.