புதுப்பிப்பு: மச்சான் கடைக்கு மது உரிமம் கிடைத்ததா?

லண்டனில் மச்சான் தன் மளிகைக் கடையில் பியர், வைன் விற்க கவுன்சிலிடம் உரிமம் கேட்டதையும், மாடிவீட்டுக்காரர் ஆட்சேபித்ததையும் முன்பு எழுதியிருந்தேன். பலர் விசாரித்ததால் இந்தத் தொடர்ச்சி.

உரிமம் வந்துவிட்டது, ஆனால் கேட்டபடி இல்லை. இரவு 12 வரை கேட்டோம், 11 மணியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

உரிமம் கேட்டிருக்கிறோம் என்ற அறிவிப்பாகக் கடைக் கண்ணாடியில் 28 நாள் ஒட்டியிருந்த வெளிர்நீலத் தாளைப் பார்த்துத்தான் மாடிவீட்டுக்காரர் ஆட்சேபம் எழுதிப் போட்டிருக்கிறார். விசாரணையில் மூன்று கவுன்சிலர்கள். "இந்தத் தெருவுக்கு இன்னொரு கடை தேவையா?" என்ற அவருடைய வாதம் எடுபடவில்லை. 2003 உரிமச் சட்டப்படி குற்றம், பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லை, சிறுவர் பாதுகாப்பு, இந்த நான்கைத்தான் பார்ப்பார்கள். ஆனால் ராத்திரிச் சத்தம் பற்றிச் சொன்னது எடுபட்டது. நியாயம்தானே, அவரும் தூங்க வேண்டாமா?

போலீஸ் கேட்ட நிபந்தனைகளும் சேர்ந்தன: சிசிடிவி பதிவு 31 நாள் இருக்க வேண்டும், 25 வயதுக்குக் கீழே தெரிந்தால் அடையாள அட்டை கேட்க வேண்டும்.

அப்புறம், தனிநபர் உரிமம். கடை உரிமம் போக, மது விற்பனைக்கு அனுமதி கொடுக்கும் ஆளுக்கு வேண்டிய உரிமம் இது. அதற்கு வகுப்பு போய்த் தேர்வு எழுதியது மச்சான் இல்லை, அக்கா! குற்றப் பதிவுச் சான்றோடு 37 பவுண்டு கட்டினாள். புதுப்பிக்கும் தொல்லை 2015லேயே ஒழிந்துவிட்டது. கல்லாவில் நிற்கும் பையன்களுக்குத் தனி உரிமம் வேண்டாம், அக்காவின் அனுமதி போதும். ஆனால் 18 வயது ஆகாதவருக்கு விற்றால் விற்ற பையனும் மாட்டுவான்.

11 மணிக் கட்டுப்பாட்டை எதிர்த்து 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். ஒரு மணி நேர வியாபாரத்துக்கு வக்கீல் செலவு கட்டாது என்று மச்சான் விட்டுவிட்டார்.