மறு: கூறுகளாக வரும் மென்பொருளின் எண்கள் – "பதிப்பு" ஒன்றே போதுமா?

வணக்கம். ஒரு மென்பொருளின் கூறுகளுக்கும் மொத்த வெளியீட்டுக்கும் வெவ்வேறு எண்கள் இருக்கும்போது அவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் சொற்கோப்பு விவாதத்துக்கு என் பதில் இது.

> எல்லா எண்ணையும் "பதிப்பு" என்றே சொல்லலாம். இடம் பார்த்து வாசகர் புரிந்துகொள்வார்.

மாட்டார் என்பதுதான் என் கட்சி. லினக்ஸ் போன்றவற்றில் திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சாளர அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005 டிசம்பர் 21 அன்று ஒரே மூலநிரல் இரண்டு பெயரில் வந்தது. எக்ஸ்11ஆர்6.9 பழையபடி ஒரே கட்டு, எக்ஸ்11ஆர்7.0 தனித்தனிக் கூறுகள். அப்போதிருந்து ஒவ்வொரு கூறுக்கும் சொந்த எண். அடிப்படை நூலகமான லிப்எக்ஸ்11, 1.0.0 என்று தொடங்கியது. நம் கையேட்டில் "7.0 பதிப்பில் 1.0.0 பதிப்பு உள்ளது" என்று எழுதிப் பாருங்கள், படிக்கிறவர் தலையைச் சொறிவார்.

மனிதர் மட்டுமல்ல, கருவியும் குழம்பும். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் அதுவரை இந்த நூலகத்தின் பொதி (நிறுவத் தயாராகத் தரும் கோப்பு), மொத்த எக்ஸின் எண்ணையே சுமந்து 6.9 என்று இருந்தது. 1.0.0 வந்ததும் பொதி மேலாளரின் கணக்கில் அது பழசு, தானாக மேம்படுத்தாது. அதனால் எண்ணுக்கு முன்னால் "2:" என்று ஒன்றைப் போட்டு, 2:1.0.0 ஆக்கினார்கள். போட்டது போட்டதுதான், இன்றும் அது அங்கேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் epoch எனப்படும் இதற்கு "யுகம்" என்று யாரோ எழுதியிருந்தீர்கள். கலியுகம் வரை போக வேண்டாம், "முன்னெண்" போதும்.

அப்புறம், அதே நூலகக் கோப்பின் பெயர் முடிவில் ஒரு 6 உண்டு. பதிப்பு 1.0 ஆனபோதும் 6, 1.8 ஆனபோதும் 6. பழைய நிரல்கள் இணைய முடியாதபடி இடைமுகம் உடைந்தால் மட்டுமே அது மாறும். இதையும் பதிப்பு என்றால் கதை கந்தல். "இணக்க எண்" என்று தனியே பிரித்துவிடலாம்.

இனி மொத்த வெளியீடு. "தொகை" அழகான சொல். எட்டுத்தொகையில் எட்டும் தனி நூல்கள், பெயர் ஒன்று. ஆனால் திரையில் "தொகை" என்று பார்த்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்றுதான் தோன்றும். எனவே "திரட்டு", அதன் எண் "திரட்டெண்". எக்ஸ்காரர்களே இதைக் கட்டமாரி என்கிறார்கள். ஜப்பானிய மொழியில் உருண்டு திரண்ட கட்டி. வலைப்பதிவுத் திரட்டியோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். திரட்டுவது திரட்டி, திரண்டது திரட்டு, சமாளிக்கலாம்.

> கூற்றுப் பதிப்பெண்

இலக்கணம் சரி. ஆனால் "கூற்று" என்றால் எமனும்தான், வந்து எட்டிப் பார்க்கிறான். "கூறின் பதிப்பெண்" என்றே எழுதுவோம்.

எக்ஸின் கடைசித் திரட்டு 2012 ஜூனில் வந்த 7.7, செத்த வழக்கத்துக்கு எதற்குச் சொல் என்ற கேள்வியும் வந்தது. எக்ஸோடு இது முடியவில்லையே. கேடிஇ என்ற பணிமேடைத் திட்டத்தின் செயலிகள் 2014 டிசம்பரில் 14.12 என்று ஆண்டு, மாத எண்ணோடு ஒரு திரட்டாக வந்தன. அதே மாதம் கேடிஇயின் ஃபிரேம்வொர்க்ஸ் நூலகங்கள் வேறொரு திரட்டாக, 5.5 என்று வந்தன.

மிச்சமிருப்பது 1.19.99.901 மாதிரி எண்கள். எக்ஸ் வழங்கி (X server) என்ற கூறில் 99 என்றால் அடுத்ததற்கான உருவாக்கம் நடக்கிறது; 901 என்றால் 1.20க்கு முன் சோதிக்கத் தந்த முதல் நகல். ஆங்கிலத்தில் release candidate எனப்படும் இதை "வெளியீட்டு வேட்பாளர்" என்றால் வாக்குக் கேட்டு வந்துவிடுவார். "முன்வெளியீடு" என்று வைத்திருக்கிறேன், ஆனால் பீட்டாவையும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். இதற்கு மட்டும் வேறு நல்ல சொல் இருந்தால் தாருங்கள். மற்ற நான்கையும் சொற்கோப்பில் ஏற்றிவிடட்டுமா?