மேல்முறையீட்டு வாதத்தில் வக்கீல் ஜோக் அடிக்கலாமா? புனைபெயரில் மூன்று பேரின் விவாதம்.

சீராய்வு மனு:
அமெரிக்க உச்ச நீதிமன்றம் வக்கீல்களுக்குத் தரும் கையேட்டிலேயே, நகைச்சுவை முயற்சி பெரும்பாலும் எடுபடாது என்று இருக்கிறது. என் கட்சியும் அதுதான். 1971 டிசம்பர் 13, ரோ எதிர் வேட் வழக்கு. டெக்சஸ் மாநிலத்தின் கருக்கலைப்புத் தடையை எதிர்த்து வந்த வக்கீல்கள் சாரா வெடிங்டனும் லிண்டா காஃபியும். டெக்சஸ் தரப்பில் எழுந்த ஜே ஃப்ளாய்ட், இப்படி இரண்டு அழகான பெண்களோடு ஓர் ஆண் வாதாடினால் கடைசி வார்த்தை அவர்களுடையதுதான் என்று ஆரம்பித்தார். ஒலிப்பதிவைக் கேளுங்கள், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. தரப்புக்கு அரை மணி நேரம் கிடைக்கும் இடத்தில் முதல் வாக்கியமே பெஞ்சைப் பகைத்துக்கொண்டது. வழக்கு மறுபடி வாதத்துக்கு வந்தபோது, அந்த மறுவாதத்துக்கு டெக்சஸ் வேறு வக்கீலை அனுப்பியது.

தடையாணை:
சார், மறுவாதத்துக்கும் அந்த ஜோக்குக்கும் முடிச்சுப் போடாதீர்கள். அன்று பெஞ்சில் ஏழு நீதிபதிகள்தான். புது நீதிபதிகள் பவலும் ரென்க்விஸ்டும் 1972 ஜனவரியில் பதவியேற்றதால், முழு பெஞ்ச் முன் மறுபடி வாதம் நடந்தது. ஃப்ளாய்ட் செய்த தவறு, வழக்குக்குச் சம்பந்தமே இல்லாததை, அதுவும் எதிர்த்தரப்பு வக்கீல்களின் தோற்றத்தைப் பேசியது.

2012 ஜனவரி 10-ஐப் பாருங்கள். டிவியில் ஏழு நொடி நிர்வாணக் காட்சி காட்டியதற்காக ஏபிசி டிவி நிறுவனத்துக்கு ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தும் அரசு ஆணையம் போட்ட அபராதம் பற்றிய வழக்கு. அதன் வக்கீல் சேத் வாக்ஸ்மன், ஒலிம்பிக் தொடக்க விழாவில் வந்த நிர்வாணச் சிலை பற்றியும் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருக்கிறது, இந்தக் கோர்ட் ஹாலிலும் அதே மாதிரிச் சிலைகள் உண்டு என்றார். சொன்னதோடு நிற்காமல் சுவரின் மேற்பகுதியைக் கைகாட்டி, அதோ ஒன்று, இதோ ஒன்று, நானே இதுவரை கவனித்ததில்லை என்றார். நானும்தான் என்றார் நீதிபதி ஸ்காலியா. ஹாலே சிரித்தது. எது ஆபாசம் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்ற அவருடைய வாதமே அந்தச் சிரிப்புக்குள் இருந்தது.

சீராய்வு மனு:
தீர்ப்பு சிலையால் வரவில்லையே. விதி மாறியதை ஆணையம் முன்னறிவிக்கவில்லை என்றுதான் ஜெயித்தார்கள்.

தடையாணை:
அதே குறையைத்தான் அவர் கையை நீட்டிக் காட்டினார். யாரும் சிரிக்காமல் இருந்திருந்தாலும் பாயின்ட் பதிவாகியிருக்கும். ஃப்ளாய்டின் வாக்கியத்தில் சிரிப்பை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

கேவியட்:
இரண்டு பேருமே நீதிபதிகளை மறந்துவிட்டீர்கள். அந்த உச்ச நீதிமன்றத்தின் நடவடிக்கைப் பதிவில் சிரிப்பு என்று அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். 2004 அக்டோபர் முதல் எந்த நீதிபதி பேசினார் என்ற பெயரும் வருகிறது. அப்போது தொடங்கிய நீதிமன்ற ஆண்டின் பதிவுகளை எடுத்துச் சட்டப் பேராசிரியர் ஜே வெக்ஸ்லர் எண்ணிப் பார்த்ததில், அதிகம் சிரிக்கவைத்தவர் ஸ்காலியா. ஆக, ஜோக் பெரும்பாலும் மேலேயிருந்துதான் வரும். பதில் ஜோக் போடாதீர்கள். புன்னகைத்துவிட்டுக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுங்கள், ஏனென்றால் கிண்டலாகக் கேட்டாலும் அது பெரும்பாலும் நிஜக் கேள்விதான். ஐந்து நிமிடம் மிச்சம் என்று வெள்ளை விளக்கு எரிந்த பிறகு சிரிப்பில் கரையும் ஒவ்வொரு நொடியும் உங்கள் கணக்கில்தான் கழியும்.

சம்பந்தமில்லாத கேள்விக்கும் தயாராக இருங்கள். கூர்ஸ் பீர் லேபிள் வழக்கில் பீருக்கும் ஏல் என்ற மதுவுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நீதிபதி கேட்டார். வக்கீல் சுருக்கமாக, எல்லோருக்கும் புரியும்படி சொன்னார். கையேடு அதையே முன்மாதிரியாகக் காட்டுகிறது.

சீராய்வு மனு:
வாக்ஸ்மன் விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் அது வாதத்தின் நடுவில் வந்தது. 2019 அக்டோபர் முதல் தொடக்கத்தில் இரண்டு நிமிடம் பொதுவாகக் கேள்வி கேட்பதில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் சட்டக் கேள்வியையும் கேட்கும் பரிகாரத்தையும் மட்டும் வையுங்கள், சிரிப்புக்கு அங்கே இடமில்லை.

தடையாணை:
அதில் எனக்கும் மறுப்பில்லை.