கதவடியில் ஒட்டிய தார்: மண்ணெண்ணெயா, ரிமூவரா?

வெள்ளைவண்டி:
புதிதாகத் தார் போட்ட சாலையில் போன வாரம் காரை ஓட்டினேன். சக்கரத்துக்குப் பின்னால், கதவின் அடியெல்லாம் மிளகைத் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். இரண்டு முறை ஷாம்பு போட்டுக் கழுவியும் அசையவில்லை. நகத்தால் சுரண்டினால் நகம்தான் கறுப்பாகிறது. மண்ணெண்ணெய் போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். போடலாமா?

பழைய கியர்:
தாராளமாகப் போடுங்கள். தாரும் கச்சா எண்ணெயிலிருந்து வந்தது, மண்ணெண்ணெயும் அதிலிருந்து வந்தது. கரையாமல் எங்கே போகும்? துணியில் நனைத்து நன்றாகத் தேய்த்தால் முடிந்தது. இருபது வருடமாக இதுதான் செய்கிறேன்.

பாலிஷ் பித்தன்:
அண்ணே, அந்த 'நன்றாகத் தேய்த்தால்' என்பதில்தான் வம்பே. புள்ளிக்குள் தார் மட்டுமா இருக்கிறது? மணலும் ஜல்லித் தூளும் சேர்ந்தே ஒட்டியிருக்கும். அதை அழுத்தித் தேய்ப்பதும் உப்புத்தாள் போடுவதும் ஒன்று. பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு பெரும்பாலும் 40, 50 மைக்ரான் கனம்தான் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர்). உங்கள் வண்டியில் ஒருநாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். தார் ரிமூவர் என்றே தனியாக விற்கிறார்களே, அதை வாங்கலாமே.

பழைய கியர்:
மணல் கீறினால் அதற்கு மண்ணெண்ணெய் என்ன செய்யும் தம்பி? ரிமூவரைப் போட்டு அழுத்தினாலும் அதே கீறல்தான். பல டப்பாக்களில் இருப்பதும் பெட்ரோலியக் கரைப்பான்தான், பின்பக்கம் திருப்பிப் படியுங்கள்.

பாலிஷ் பித்தன்:
சரி, அது நியாயம்தான். தேய்க்கக் கூடாது, ஊற விட வேண்டும் என்று மாற்றிச் சொல்கிறேன். ஆனால் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. பிசுக்கு தங்கிவிடும், அதன்மேல் தூசி அப்பும். கதவோரத்து ரப்பரில் பட்டால் ரப்பர் உப்பிப்போகும்.

மெழுகுவத்தி:
எதற்கு இந்தச் சண்டை? கிளே பார், அதாவது அழுக்கை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற கட்டி, வாங்கி இழுங்கள், எல்லாம் வந்துவிடும்.

பாலிஷ் பித்தன்:
வரும், கட்டியில் ஏறும், அப்புறம் கதவு முழுக்க இழுவும். முதலில் தாரைக் கரைத்துக் கழுவிவிட்டு, மிச்சம் சொரசொரப்பு இருந்தால்தான் கிளே. அதுவும் சோப்புத் தண்ணீரோ லூப்ரிகன்ட்டோ தெளித்துக்கொண்டே. கட்டி கீழே விழுந்தால் துடைத்துவிட்டுத் திரும்ப எடுக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

பழைய கியர்:
இதில் நானும் இவர் பக்கம். இன்னொன்று: யாராவது பெட்ரோல் போடச் சொன்னால் கேட்காதீர்கள். ஒரு பொறி போதும். வெள்ளைவண்டி, அந்தக் கதவுக்கு சமீபத்தில் பெயின்ட் அடித்தீர்களா? புதுப் பெயின்ட் என்றால் நான் சொன்னதும் வேண்டாம், அவர் சொன்னதும் வேண்டாம். முழுசாக இறுகாத பெயின்ட் கரைப்பான் பட்டால் மங்கிவிடும்.

வெள்ளைவண்டி:
இல்லை, கம்பெனி பெயின்ட்தான். இரண்டு பேரும் விடமாட்டீர்கள் போல, அதனால் முன்கதவுக்கு மண்ணெண்ணெய், பின்கதவுக்கு ரிமூவர் என்று இன்று காலை, வெயில் ஏறுவதற்குள், நிழலில் வைத்துச் செய்தேன். ரிமூவர் அடித்த இரண்டு நிமிடத்தில் புள்ளிகள் பழுப்பாக வழிய ஆரம்பித்தன, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தேன். மண்ணெண்ணெய்க்குத் துணியை நனைத்து ஐந்து நிமிடம் ஒட்டி வைக்க வேண்டியிருந்தது. தார் வந்துவிட்டது, ஆனால் வாடையும் வழுவழுப்பும் போக இரண்டு தடவை ஷாம்பு. இரண்டு கதவிலும் இப்போது தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் தட்டையாகப் படர்கிறது.

பாலிஷ் பித்தன்:
தண்ணீரை முத்தாக நிற்க வைக்கும் மெழுகுப் பூச்சான வாக்ஸும் சேர்ந்து போய்விட்டது. எதைப் போட்டாலும் போகும். இன்றே மறுபடி போடுங்கள், அடுத்த தார் வாக்ஸ் மேல் ஒட்டினால் எடுப்பது எளிது.

பழைய கியர்:
ஆக, மண்ணெண்ணெயிலும் தார் போனது. குறித்துக்கொள்ளுங்கள் தம்பி.

பாலிஷ் பித்தன்:
இரண்டு தடவை ஷாம்பு போட்டதையும் குறித்துக்கொண்டேன் அண்ணே.

வெள்ளைவண்டி:
ஒரே ஒரு புள்ளி மட்டும் எதற்கும் மசியவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தால் அது தாரே இல்லை, கல்லடித்துப் பெயின்ட் பெயர்ந்த இடம்.

பழைய கியர்:
அதற்கு மண்ணெண்ணெய் ஆகாது.